முயல் உரிக்கக் கத்தி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூண்டில் வளர்க்கும் பண்ணை முயலைப் பற்றித்தான் இங்கே பேச்சு. காட்டு முயலை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்குக் கத்தி தேடுபவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செட்டிநாட்டுக்காரர்கள் முதலில் சறுக்குவது அளவில்தான். திருப்பாச்சேத்தி அரிவாள் பக்கத்திலேயே கிடைக்கிறது, இரும்பும் நல்ல இரும்பு. ஆனால் அது வெட்டுவதற்கு அடித்தது. முதுகு தடித்து, பாரம் முன்னால் இருக்கும். எலும்பை நறுக்க வைத்துக்கொள்ளுங்கள், தோல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

முயலில் கத்திக்கு வேலையே கொஞ்சம்தான். பின்னங்கால் கணுவைச் சுற்றி ஒரு கீறல், தொடையின் உட்பக்கமாக ஒரு கோடு, வாலருகே சிறிது. அப்புறம் பனியன் கழற்றுவதுபோல் கையாலேயே தோலை இழுத்துவிடலாம். இதற்கு மூன்று அங்குல அலகு தாராளம். முதுகு மெல்லியதாக இருக்க வேண்டும். முனை ஊசியாக இல்லாமல் சற்றே கீழிறங்கி வளைந்திருப்பது நல்லது. ஊசிமுனை குடலிலோ பித்தப்பையிலோ இறங்கினால் கறி வீண்.

ஆன்லைனில் ‘ஹண்டிங் நைஃப்’ என்று வருபவற்றில் முதுகில் ரம்பப் பல், கொக்கி எல்லாம் இருக்கும். பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். முயலில் அந்தக் கொக்கி முடியைத்தான் வாரிக்கொள்ளும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய கத்திகள் அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

எஃகு விஷயத்தில் ‘கடினமாக இருந்தால் நல்லது’ என்று நம்பி வாங்குபவர்கள் பிறகு வீட்டுச் சாணைக்கல்லோடு மல்லுக்கட்டுவார்கள். முடி எந்தக் கத்தியையும் சீக்கிரம் மழுக்கும். அதனால் நாலு இழுப்பில் கூர் திரும்பும் எஃகே மேல். கார்பன் எஃகு அப்படித்தான், ஆனால் கழுவித் துடைத்துக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவாவிட்டால் மறுநாளே துருப்பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு நடுத்தரக் கடினத்தில் எவர்சில்வர் கத்தி போதும். மின்சாரச் சாணைக்குக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் தொடாமல் தீப்பொறி பறக்கத் தீட்டி, வாய் ஓரம் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. பிறகு கூர் நிற்காது.

அறுக்கும் விதத்திலும் கூர் மிஞ்சும். முதல் கீறல் விழுந்ததும் அலகைத் தோலுக்கு அடியில் விட்டு, வாய் மேலே பார்க்க உள்ளிருந்து வெளியே அறுங்கள். கறியில் முடி ஒட்டுவதும் குறையும்.

மடக்குக் கத்தி வேண்டாம். ரத்தமும் முடியும் கீலுக்குள் போய்விட்டால் கழுவி மாளாது. பளபளவென்று வார்னிஷ் அடித்த பிடியும் வேண்டாம், கொழுப்புப் பட்டால் வழுக்கும். கடையிலேயே கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.