உயிர்வேலிக்கு விராலி

வேலிக்கும் மறைப்புக்கும் ஒரே செடி வேண்டுமென்றால் விராலியைத்தான் சொல்வேன். வறட்சி, பலத்த காற்று, கல்லாங்காடு எல்லாம் தாங்கும். இலையில் பிசின் இருப்பதால் ஆடு மாடும் அதிகம் சீண்டாது. தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது, வேர் அழுகிவிடும்.

விதைத்தோல் கெட்டி. அப்படியே போட்டால் முளைப்பு குறைவு. கொதித்து இறக்கிய தண்ணீரை விதைமேல் ஊற்றி, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாளே விதையுங்கள். அடுப்பிலேயே வைத்து வேகவிடக் கூடாது.

நாற்று ஒரு சாண் வளர்ந்ததும், மழைக்காலத் தொடக்கத்தில் 2 அடி இடைவெளியில் நடலாம்.

பலரும் கோட்டைவிடுவது கவாத்தில்தான், அதாவது கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்துவதில். வேண்டிய உயரம் வரட்டும் என்று காத்திருந்தால் அடிப்பகுதி மொட்டையாகி வேலியில் சந்து விழும். முழங்கால் உயரத்திலேயே நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் அடியிலிருந்தே அடர்ந்து வரும். அதன்பின் காய் உதிர்ந்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை லேசாக வெட்டினால் போதும். இலையில்லாத முற்றிய கட்டைவரை வெட்டாதீர்கள், அங்கிருந்து துளிர்ப்பது சந்தேகம்.

ஆண், பெண் பூக்கள் பெரும்பாலும் தனித்தனிச் செடிகளில் வரும். சிறகு வைத்த செந்நிறக் காய்க்கொத்து அவ்வளவு அழகு! அது பெண் செடியில்தான் காய்க்கும் என்பதால், விதையில் வளர்த்த நாற்றுகளையே வரிசை முழுக்க நடுங்கள். இரண்டும் கலந்து வரும்.