கீறல் விழுந்த பழைய ஒமேகா: வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா?

செகண்ட் ஹேண்டில் விலையுயர்ந்த வாட்ச் வாங்கியவர்கள் பார்சலைப் பிரித்ததும் செய்யும் முதல் காரியம், போன் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான். அப்படிப் பார்த்தால் ஷோரூமில் இருக்கும் புது வாட்சிலேயே நாலு கோடு தெரியும். அப்புறம் தூக்கம் வராது. வீட்டில் யாராவது “இவ்வளவு காசு கொடுத்துக் கீறல் விழுந்ததையா வாங்கினாய்?” என்று கேட்டுவிட்டால் கதை முடிந்தது.

பதற்றத்தில் இரண்டு தப்புகள் நடக்கும். நல்ல வாட்சைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; அல்லது பாலிஷ் போடக் கொடுத்து அதைக் கெடுத்துவிடுவார்கள். இரண்டையும் தவிர்க்க, எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒமேகா சீமாஸ்டர் 300 மீட்டர், மாடல் எண் 2531.80 என்ற வாட்சை எடுத்துக்கொள்வோம். நீல டயலில் அலை அலையாகக் கோடுகள், கண்ணாடியைச் சுற்றி நீல வளையம் (இதைத்தான் பெசல் என்பார்கள்), 41 மில்லிமீட்டர் அகலம். ஜேம்ஸ் பாண்டாக நடித்தபோது பியர்ஸ் பிராஸ்னன் கட்டியிருந்ததால் ‘பாண்ட் சீமாஸ்டர்’ என்றே பலர் சொல்வார்கள். 1990களிலும் 2000களின் முதல் சில ஆண்டுகளிலும் விற்றது. அதாவது, இன்று உங்கள் கைக்கு வரும் எந்த ஒன்றும் இருபது வருடம் யாரோ ஒருவர் கையில் இருந்தது. கீறலே இல்லாமல் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 1: நாள் கணக்கைப் பாருங்கள்

வாட்சை விட்டுவிட்டு முதலில் பில்லை எடுங்கள். திருப்பித் தர எத்தனை நாள், யார் கூரியர் செலவு, கட்டியிருந்தால் திரும்ப எடுப்பார்களா? பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ இருப்பவர்கள் அங்குள்ள கடையில் இணையம் வழியே வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்ல சட்டம் இடம் தருகிறது. தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. இந்தியாவில் காரணம் சொல்லாமல் திருப்பித் தருவதற்குக் கடைக்காரர் எழுதிக் கொடுத்திருப்பதுதான் கணக்கு.

முடிவெடுக்கும் வரை ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், செயினில் கண்ணி கழற்றாதீர்கள், எதையும் துடைத்துத் தேய்க்காதீர்கள்.

படி 2: கை நீட்டும் தூரத்தில் ஒருமுறை, லென்ஸில் ஒருமுறை

ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டி, வழக்கமாக மணி பார்க்கும் தூரத்தில் பாருங்கள். கண்ணில் படுவதை மட்டும் தாளில் எழுதுங்கள். அதற்குப் பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள்; நகைக்கடையில் கண்ணில் வைத்துக்கொள்வார்களே, அதுதான். இதில் தெரிவதைத் தனித் தாளில் எழுதுங்கள். முதல் தாளில் இருப்பவை உங்களைத் தினமும் உறுத்தக்கூடியவை. இரண்டாவது தாளில் இருப்பவை விற்கும்போது அடுத்தவர் கேட்கக்கூடியவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

படி 3: குறை எந்த இடத்தில் இருக்கிறது?

நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். ஒரே அளவுக் கீறல் ஓரிடத்தில் ஒன்றுமில்லை, இன்னோரிடத்தில் பெரிய நஷ்டம்.

கண்ணாடி: இந்த மாடலில் இருப்பது சஃபையர். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 9. மணல் துகளே 7தான் என்பதால் சாதாரணமாகக் கீறல் விழாது. கோடு போலத் தெரிவது பெரும்பாலும் கதவு நிலையிலோ மேஜை விளிம்பிலோ உரசி ஒட்டிய உலோகத் தடமாக இருக்கும். கண்ணாடிக்கு வெளியே பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருந்தால் அதில் விழுந்த கோடாகவும் இருக்கலாம். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். கண்ணாடியை மாற்ற வேண்டியிருக்கும். ஒமேகாவின் இன்னொரு மாடலான ஸ்பீட்மாஸ்டர் போன்ற சில வாட்சுகளில் வரும் ஹெசலைட் என்ற பிளாஸ்டிக் கண்ணாடியானால் கதையே வேறு. நன்றாகக் கீறும், அதற்கென்று விற்கும் பசையைத் துணியில் தொட்டுச் சில நிமிடம் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

பெசல்: நீல வளையம் அலுமினியத்தால் ஆனது. கீறும், வெயிலில் வெளிறும். ஆனால் அது தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய பாகம். வெளிறிய நீலத்தைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. இதற்காக மட்டும் வாட்சைத் திருப்பி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேஸும் லக்கும்: கேஸ் என்பது வாட்சின் உலோக உடல்; அதில் செயின் மாட்டும் நான்கு கொம்புகளைத்தான் லக் என்கிறோம். இந்த சீமாஸ்டரில் அவை முறுக்கிவிட்டது போல வளைந்திருக்கும். பளபளக்கும் பட்டையும் மெல்லிய கோடு போட்ட மங்கலான பட்டையும் சந்திக்கும் இடத்தில் ஒரு விளிம்பு ஓடும். லென்ஸில் அந்த விளிம்பை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பின்தொடருங்கள். கத்தி போலக் கூராக இருந்தால், மேலே எத்தனை கீறல் இருந்தாலும் வாட்ச் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். விளிம்பு சோப்புக்கட்டி போல மழுங்கியிருந்தால், அல்லது இடது லக்கும் வலது லக்கும் வேறு வேறு தடிமனில் இருந்தால், யாரோ பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். பார்க்கப் புதிது போல மின்னும். நான் கீறல் உள்ளதைத்தான் எடுப்பேன்.

ஒடுக்கு வேறு. கீழே விழுந்து லக் முனையில் ஒடுக்கு விழுந்திருந்தால், அந்த அடி உள்ளேயும் போயிருக்கலாம். கிரௌனை, அதாவது சாவி கொடுக்கும் திருகை, திறந்து மூடிப் பாருங்கள். இழை சிக்காமல் ஏறி இறங்க வேண்டும்.

செயின்: வாட்சைப் பக்கவாட்டில் திருப்பி, செயினைப் படுக்கைவாட்டில் நீட்டிப் பிடியுங்கள். லேசாக வளைவது இயல்பு. துவண்டு தொங்கினால் கண்ணிகள் தேய்ந்துவிட்டன. பூட்டின் மேல் இருக்கும் மயிரிழைக் கீறல்கள் குறையே அல்ல. மேஜையில் கை வைத்து டைப் அடித்தால் ஒரு வாரத்தில் நீங்களே அத்தனையும் போடுவீர்கள்.

டயலும் முள்ளும்: கறாராக இருக்க வேண்டியது இங்கேதான். டயலில் புள்ளி புள்ளியாகக் கறை, முள்ளின் ஓரத்தில் துரு, இருட்டில் ஒளிரும் பூச்சு பொடிந்து உதிர்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் பெரும்பாலும் உள்ளே ஈரம் போயிருக்கிறது. இதை வெறும் அழகுக் குறை என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள்.

ஒரு சின்னச் சோதனை. கிரௌனை நன்றாகத் திருகி மூடி, வாட்சைக் கால்மணி நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். கண்ணாடி நடுவில் ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் கண்ணாடிக்கு உட்புறம் பனி படர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. யோசிக்க வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. டயலின் கீழ் விளிம்பில் ‘சுவிஸ் மேட்’ என்ற எழுத்துக்கு இருபுறமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருந்தால் ஒளிப்பூச்சு டிரிட்டியம். அதன் அரை ஆயுள் சுமார் 12 ஆண்டுகள். 1990களின் வாட்ச் இன்று இருட்டில் பளிச்சென்று மின்னாது, அது குறையில்லை. பளிச்சென்று மின்னினால்தான் கேள்வி: யாரோ மேல்பூச்சு பூசியிருக்கலாம். டயல் புள்ளிகள் மஞ்சளாகவும் முள்கள் பளிச்சென்று வெள்ளையாகவும் இருந்தால் முள்ளை மாற்றியிருக்கக்கூடும்.

படி 4: ‘பாலிஷ் போட்டால் சரியாகிவிடும்’ என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

பழைய நகைக்கு மெருகு போட்டு வாங்கினால் எடை குறையும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டீலும் அப்படியே. கீறல் போவதில்லை, கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள உலோகம் போகிறது. லேசர் வெல்டிங்கில் உலோகத்தை நிரப்பி மறுபடி வடிவம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது கைதேர்ந்தவர் வேலை, செலவும் அதற்கேற்ப இருக்கும்.

ஆகவே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “இந்தக் கீறல்கள் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்றால் இந்த வாட்ச் எனக்கு வேண்டுமா?” ஆம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போட்டால்தான் பிடிக்கும் என்றால் வேண்டாம். பின்னால் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம் என்று எழுத்தில் கொடுக்கவும் மறக்காதீர்கள். வாயால் சொன்னது வேலை செய்பவரின் மேஜை வரை போகாது.

படி 5: சொன்ன குறையா, சொல்லாத குறையா?

விளம்பரத்தில் இருந்த படங்களையும் வர்ணனையையும் எடுத்து, உங்கள் இரண்டு தாள்களோடு ஒப்பிடுங்கள். படத்தில் தெளிவாகத் தெரிந்த கீறலுக்காக இப்போது சண்டை போடுவது நியாயமில்லை. விலையில் அது ஏற்கெனவே கழிந்திருக்கும். ‘பாலிஷ் போடாதது’ என்று எழுதிவிட்டு லக் மழுங்கியிருந்தால், படத்தில் நிழல் விழுந்த இடத்தில் சரியாக ஒரு ஒடுக்கு இருந்தால், அது வேறு விஷயம். அப்படிப்பட்டவர் உள்ளே இருக்கும் மெஷினைப் பற்றிச் சொன்னதையும் நம்ப முடியாது.

அப்புறம் விலை. ஒரு கணக்குக்காக, நல்ல நிலையில் உள்ள அதே மாடல் 2 லட்சம் போகிறது, நீங்கள் 1,80,000 கொடுத்தீர்கள் என்று வையுங்கள். பெசல் வளையம், தேய்ந்த கண்ணிகள் என்று கட்டாயம் மாற்ற வேண்டியவற்றுக்குச் சர்வீஸ் சென்டரில் விலை கேளுங்கள். அது 20,000க்குள் வந்தால் நஷ்டமில்லை. 35,000 என்றால் விற்றவருக்குப் படத்தோடு எழுதி, 15,000 திருப்பிக் கேளுங்கள். நல்ல கடைக்காரர்கள் பலர் பார்சல் திரும்பி வருவதைவிட இதை விரும்புவார்கள். மறுத்தால் முடிவு சுலபம்.

படி 6: ஓட்டத்தையும் பார்த்துவிடுங்கள்

வெளியழகிலேயே நின்றுவிட்டு மெஷினை மறப்பவர்கள் அதிகம். இந்த மாடலில் இருக்கும் 1120 மெஷின், துல்லியத்தைச் சோதித்துத் தரும் குரோனோமீட்டர் சான்றிதழ் பெற்றது. புதிதில் நாளொன்றுக்கு 4 விநாடி தாமதம் முதல் 6 விநாடி வேகம் வரை அனுமதி. முழுதாகச் சாவி கொடுத்து இரண்டு நாள் போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள். சர்வீஸ் செய்து வருடக்கணக்கானால் பத்துப் பதினைந்து விநாடி தவறலாம், அது சர்வீஸில் சரியாகும். நிமிடக்கணக்கில் தவறினால், அல்லது சாவி கொடுத்து ஒரு நாள்கூட ஓடாமல் நின்றால், சர்வீஸ் செலவையும் மேலே உள்ள கணக்கில் சேருங்கள்.

திருப்பி அனுப்புவதானால்

விற்றவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே பேக் செய்யுங்கள். லக்கின் அடியில் பொறித்திருக்கும் சீரியல் எண் தெரியும்படி படம் எடுங்கள். கிரௌனைத் திருகி மூடி, செயினுக்கும் கேஸுக்கும் இடையில் மெல்லிய துணி வைத்து, பெட்டிக்குள் ஆடாமல் சுற்றுங்கள். முழு மதிப்புக்கு இன்சூரன்ஸ் போடாத கூரியரில் கொடுக்க வேண்டாம். வாட்சை வைப்பதில் தொடங்கி டேப் ஒட்டி முகவரி ஒட்டும் வரை ஒரே வீடியோவாக, இடையில் நிறுத்தாமல் எடுங்கள்.