மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய வாம்பயர்: எழுதும்போது நேரும் பிழைகள்

இரண்டாம் உலகப் போரில் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். கூடவே மூழ்கிய வாம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரிப் போர்க்கப்பலுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. அதிலும் பிழை இருந்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதிகம் பார்ப்பது தேதிப் பிழை. ஈஸ்டர் ஞாயிறன்று மூழ்கியது என்று எழுதுகிறார்கள். அது, 1942 ஏப்ரல் 5, ஜப்பானியர்கள் கொழும்பைத் தாக்கிய நாள். வாம்பயர் மூழ்கியது ஏப்ரல் 9 வியாழக்கிழமை, திருகோணமலை தாக்கப்பட்ட அன்று. அதற்காகத் துறைமுகத்தில் மூழ்கியது என்றும் எழுதிவிடாதீர்கள். தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து முந்தின இரவே இரண்டு கப்பல்களும் தெற்கே கிளம்பிவிட்டன. மறுநாள் திரும்பி வரும்போதுதான் ஜப்பானிய விமானங்களிடம் சிக்கின. ஹெர்மிஸில் அப்போது ஒரு விமானம்கூட இல்லை.

இறந்தவர் கணக்கையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஹெர்மிஸில் 307 பேர். வாம்பயரில் பத்துக்கும் குறைவு. அவர்களில் ஒருவர் கப்பலின் தலைவர் கமாண்டர் மோரன். வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் பக்கத்தில் இருந்ததால் இரு கப்பல்களிலிருந்தும் சுமார் 600 பேர் பிழைத்தார்கள்.

சரி, முதல் உலகப் போருக்கு வருவோம். அந்தக் காலக் கப்பல் என்றதும் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லண்ட் சண்டையில் சேர்த்துவிடுகிறார்கள். அது நடந்தது 1916 மே மாதம்; வாம்பயர் கடலில் இறங்கியதே 1917 மே மாதம்தான். முதலில் வைத்த பெயர் வாலஸ். அந்தப் பெயர் பிறகு வேறொரு நாசகாரிக்குப் போனது. இளவரசர் பிலிப் பணியாற்றியது அதில்தான், இதில் இல்லை. 1933 வரை இது பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல், அதன் பிறகே ஆஸ்திரேலியக் கடற்படைக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக் கடலில் ‘பழைய இரும்பு அணி’ என்று பெயர் வாங்கிய ஐந்து நாசகாரிகளில் இதுவும் ஒன்று. ஐந்துமே முதல் போரில் சண்டையிட்டவை என்பது தவறு. அவற்றில் ஸ்டூவர்ட் சேவைக்கு வந்தது 1918 டிசம்பரில், போர் முடிந்த பிறகு.

அப்புறம், படம். சிட்னி அருங்காட்சியகத்தில் நிற்கும் வாம்பயர் 1959-ல் சேவைக்கு வந்த வேறு கப்பல். பக்கவாட்டில் டி11 (D11) என்ற அதன் எண் எழுதியிருந்தால் அந்தப் படத்தை எடுக்காதீர்கள்.