ஞாயிறு காணிக்கையை வீட்டிலேயே எடுத்துவைப்பது எப்படி

தமிழ் வேதாகமத்தில் ‘உக்கிராணக்காரன்’ என்று ஒரு சொல் வரும். உக்கிராணம் என்றால் பண்டங்கள் வைக்கும் அறை. அதன் பொறுப்பில் இருப்பவன் உக்கிராணக்காரன். பண்டம் எஜமானுடையது, கணக்கு இவனுடையது. நம் கையில் வரும் வரவுக்கும் நாம் அப்படிப்பட்டவர்கள்தான். அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி தம்மிடத்திலேயே சேர்த்துவைக்கச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 16:2). ஆகவே காணிக்கை தொடங்குவது வீட்டில். ஆலயத்தில் காணிக்கைப் பை பக்கத்தில் வந்தபிறகு சட்டைப் பையைத் துழாவினால் கையில் அகப்பட்டது விழும். அதை வரவுக்குத் தக்கது என்று சொல்ல முடியாது.

முதலில் அரிசி. கைப்பிடி அரிசி எடுத்துவைப்பது தென்மாவட்டச் சபைகளில் பழைய வழக்கம். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையாரும் 1910 முதல் இதை விடாமல் செய்துவருகிறார்கள். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன், அளந்ததிலிருந்தே ஒரு கைப்பிடியைத் தனி டப்பாவில் போடுங்கள். மூட்டையிலிருந்து அள்ளிப் போடாதீர்கள். நமக்கென்று அளந்ததில் குறைந்தால்தான் அது காணிக்கை. ஒரு கைப்பிடி ஏறத்தாழ 40 கிராம். இரண்டு வேளை சமைக்கும் வீட்டில் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் சேரும், மாதத்துக்கு இரண்டரைக் கிலோவை நெருங்கும். டப்பா ஈரமில்லாமல் இருக்கட்டும். நாலு காய்ந்த மிளகாய் போட்டால் வண்டு அண்டாது. பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் கலந்தால் வாங்குகிறவர் சமைக்கத் திண்டாடுவார், ஆகவே தனித்தனியே வையுங்கள். டப்பா நிறையட்டும் என்று காத்திராமல் வாரந்தோறும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதம் கிடந்த அரிசியை நம் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம்.

பணத்துக்கு வருவோம். சம்பளம் வந்த அன்றே, பால்காரருக்கும் வாடகைக்கும் எடுப்பதற்கு முன் பிரித்துவிட வேண்டும். கையில் ரூ.20,000 வருகிறது என்றால் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, ரூ.2,000. ஐந்து உறை எடுத்து ஒவ்வொன்றிலும் ரூ.200 போட்டு, எந்த ஞாயிறு என்று தேதி எழுதுங்கள். மீதியில் ரூ.500 சபைச் சந்தாவுக்கும், ரூ.500 மிஷனெரி ஊழியத்துக்கோ கஷ்டப்படுகிற ஒரு குடும்பத்துக்கோ போகலாம். நான்கே ஞாயிறு வரும் மாதத்தில் ஐந்தாம் உறையைப் பிறந்தநாள், திருமணநாளில் நன்றியாகக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக்கு வையுங்கள். நாள்கூலிக்குப் போகிறவர்கள் மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம். ரூ.900 கூலி வாங்கிய மாலையே ரூ.90 உண்டியலில் விழுந்துவிடட்டும். கடை வைத்திருப்பவர்கள் மொத்த விற்பனையில் பத்தில் ஒன்று என்று கணக்கிட்டு முதலைக் கரைத்துவிடுவதும் நடக்கிறது. லாபத்தில்தான் கணக்கிட வேண்டும்.

கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். ஒருவனிடம் இல்லாததை அல்ல, இருப்பதையே தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்பதும் பவுல் எழுதியதுதான் (2 கொரிந்தியர் 8:12). வட்டி கட்டித் தவிக்கும் வீடு நூற்றுக்கு மூன்றிலிருந்து தொடங்கி, ஒரு கடன் அடைந்ததும் ஐந்தாக்கலாம். தொகை சிறியது என்று வெட்கப்பட்டு ஆலயத்துக்கே வராமல் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய இழப்பு. சபையில் யாரும் அவர்களை அப்படி நினைக்க விடக்கூடாது.

பிள்ளைகளுக்கு சனிக்கிழமை இரவே ரூ.10 கொடுத்து அவர்கள் கையாலேயே உறையில் போடச் சொல்லுங்கள். செல்பேசியில் க்யூஆர் கோடு வழியாக அனுப்புவது வசதிதான், ஆனால் அப்பா அம்மா கொடுப்பது பிள்ளையின் கண்ணில் படுவதில்லை. அப்படி அனுப்பும் வீட்டில், தொகையை எழுதிய வெற்று உறையையாவது பையில் போடுவது நல்லது.

உறை கட்டும் அந்தச் சனிக்கிழமை இரவிலேயே மறுநாள் வேதபாடங்களையும் வாசித்துவிடுங்கள். தென்னிந்தியத் திருச்சபையில் ஞாயிறுதோறும் பழைய ஏற்பாடு, நிருபம் (அப்போஸ்தலர் எழுதிய கடிதம்), சுவிசேஷம் என்று மூன்று பாடங்கள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். மூன்றையும் வாசிக்கப் பதினைந்து நிமிடம் போதும். வாசித்துவிட்டுப் போகிறவருக்குப் பிரசங்கம் பாதி வழியில் கைநழுவாது. மற்ற நாள்களில் குடும்ப ஜெபம் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்: ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஜெபம். நாளுக்கு ஒரு சங்கீதம் என்று வைத்து, 119ஆம் சங்கீதத்தை மட்டும் எட்டு எட்டு வசனமாக 22 நாளில் வாசித்தால், 171 நாளில் சங்கீதப் புத்தகம் முடியும். வருடத்துக்கு இரண்டு முறை வாசிக்கலாம். பெரும்பாலான வீடுகளில் குடும்ப ஜெபம் நின்றுபோவதற்குக் காரணம் விசுவாசக் குறைவு அல்ல. இரவு பத்து மணிக்கு, பிள்ளைகள் தூங்கி விழும் நேரத்தில் முக்கால் மணி நேரம் ஜெபித்ததுதான். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள்.

காணிக்கையை எண்ணும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆராதனை முடிந்த கையோடு, ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணி, பதிவேட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே பணம் அறையை விட்டு வெளியே போகலாம். திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிடுங்கள். சந்தா கொடுத்தவருக்கு ரசீதை அன்றே கொடுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளிய ரசீது பல சபைகளில் பெரிய மனஸ்தாபத்தில் முடிந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. உறையை மடிக்கும்போது, அண்ணன் தம்பியோடோ பக்கத்து வீட்டாரோடோ பேச்சு முறிந்திருக்கிறதா என்று யோசியுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே விட்டுவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் ஆண்டவர் (மத்தேயு 5:23-24). நற்கருணை உள்ள ஞாயிறுக்கு முந்தைய நாள் என்றால், உறையை மேசைமேல் வைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்கு இருட்டுவதற்குள் போய்வாருங்கள்.