பில்ட் தோற்றால் எங்கே பார்ப்பது: அண்ட்ரொய்ட் பிழைகளை வரிசையாகத் தீர்க்கும் முறை

கோடை ஓடக்கூடிய ஆப்பாக மாற்றும் பில்ட் தோற்றதும் முதலில் கிளீன் (பழைய பில்ட் பைல்களை அழிப்பது), பிறகு ரீபில்ட், அதற்கும் சரிவராவிட்டால் பில்டை நடத்தும் கருவியான கிரேடில், இறக்கிய லைப்ரரிகளைச் சேமித்துவைக்கும் கேஷ் போல்டரையே அழித்துவிடுவது. கொழும்பில் ஆப் எழுதும் பலரிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. அழித்த பின் எல்லா லைப்ரரியும் மறுபடி இறங்க வேண்டும். போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்பவருக்கு அது ஜிபி கணக்கில் டேட்டா. பெரும்பாலான பில்ட் பிழைகளுக்கும் கேஷுக்கும் சம்பந்தமே கிடையாது. காரணம் பிழைச் செய்தியிலேயே எழுதியிருக்கும். எந்த வரியில் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எந்த வரி

அண்ட்ரொய்ட் ஸ்டூடியோவின் பில்ட் விண்டோவில் இடப்பக்கம் பிழைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். கீழேயுள்ள சிவப்பு வரியைச் சொடுக்கினால் சுருக்கம் மட்டும் வரும். எல்லாவற்றுக்கும் மேலேயுள்ள வரியைச் சொடுக்குங்கள். முழு லொக்கும் வலப்பக்கம் திறக்கும். அதில் ‘வொட் வென்ட் ரோங்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். அதன்கீழ் அம்புக்குறியோடு சில வரிகள் உள்ளே உள்ளே தள்ளி வரும். ஆக உள்ளே தள்ளியிருக்கும் வரிதான் உண்மையான காரணம். அது போதாவிட்டால் டெர்மினலில் கிரேடில் கட்டளையின் முடிவில் ‘--ஸ்டாக்டிரேஸ்’ சேர்த்து ஓட்டி, கடைசியாக வரும் ‘கோஸ்ட் பை’ வரியைப் பாருங்கள்.

அடுத்து, எந்த டாஸ்க் (பில்டின் ஒரு படி) தோற்றது என்று பாருங்கள். பெயரில் ‘மேனிஃபெஸ்ட்’ (ஆப்பின் விபரங்களை அறிவிக்கும் பைல்) இருந்தால் அனுமதி, அக்டிவிட்டி (ஆப்பின் திரை) அறிவிப்புகளில் கோளாறு. ‘மேர்ஜ் ரிசோர்ஸஸ்’ என்றால் எக்ஸ்எம்எல் பைல் அல்லது படம். ‘டூப்ளிகேட் கிளாஸஸ்’ என்றால் ஒரே லைப்ரரி இரண்டு வழியாக உள்ளே வந்திருக்கிறது. ‘மினிஃபை’ என்றால் ரிலீஸ் கோடைச் சுருக்கும் கருவியான ஆர்8. டாஸ்க் பெயரே இல்லாமல், ஸ்டூடியோ புரொஜெக்டின் அமைப்பை வாசிக்கும் சிங்க் கட்டத்திலேயே நின்றுவிட்டால் வெர்ஷன் பொருத்தமின்மை அல்லது நெட்வேர்க். இந்த ஒரு பார்வையிலேயே தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன், கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் கொமிட் செய்துவிடுங்கள். இணையத்தில் கண்ட நான்கு தீர்வுகளை ஒன்றாகப் போட்டால், பில்ட் ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. மற்ற மூன்றும் குப்பையாகப் புரொஜெக்டில் தங்கிவிடும்.

ஜாவா, கிரேடில், ஏஜிபி

பழைய புரொஜெக்டைத் திறக்கும்போது வரும் பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான். மூன்று வெர்ஷன்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்: ஜாவா கருவித்தொகுப்பான ஜேடிகே, கிரேடில், கிரேடிலுக்கு அண்ட்ரொய்ட் ஆப் கட்டத் தெரியவைக்கும் அண்ட்ரொய்ட் கிரேடில் பிளக்கின் எனப்படும் ஏஜிபி. ஏஜிபி 7.4க்குக் குறைந்தது கிரேடில் 7.5உம் ஜேடிகே 11உம் வேண்டும். ஏஜிபி 8.0க்குக் கிரேடில் 8.0, ஜேடிகே 17. ஏஜிபி 8.5க்குக் கிரேடில் 8.7, ஏஜிபி 8.7க்குக் கிரேடில் 8.9. ஜேடிகே 17 அப்படியே தொடரும்.

‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65’ என்ற செய்தியை எடுத்துக்கொள்வோம். 65 என்பது ஜாவா 21. 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் 11, 52 என்றால் 8. ஆக, இந்தப் புரொஜெக்டின் கிரேடிலுக்குத் தெரியாத புதிய ஜாவாவில் அதை ஓட்டப் பார்க்கிறீர்கள் என்று பொருள். ஜாவா 21இல் ஓடக் குறைந்தது கிரேடில் 8.5 தேவை. அண்ட்ரொய்ட் ஸ்டூடியோ லேடிபக் வெர்ஷனுடன் ஜேடிகே 21 சேர்ந்தே வருகிறது. அதனால்தான் ஸ்டூடியோவை அப்டேட் செய்த மறுநாள், கோடில் ஒரு எழுத்தும் மாற்றாமலே பழைய புரொஜெக்ட் நின்றுவிடுகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. செட்டிங்ஸில் பில்ட் டூல்ஸ், கிரேடில் என்று போய், கிரேடில் ஜேடிகே இடத்தில் 17ஐத் தெரிவு செய்வது ஒன்று. கிரேடில் 7.3 அல்லது அதற்கு மேல் இருந்தால் இது போதும். மற்றது, கிரேடில் ரேப்பர் புரொப்பட்டீஸ் பைலில் உள்ள டிஸ்ட்ரிபியூஷன் முகவரியில் வெர்ஷன் எண்ணை உயர்த்துவது. இதைச் செய்தால் ஏஜிபியையும் உயர்த்த வேண்டிவரலாம், அதோடு வேறு வேலைகளும் வரும். அவசரமாக ஒரு கிளையன்ட் திருத்தம் கொடுக்க வேண்டிய நாளில் முதல் வழியே நல்லது.

ஸ்டூடியோவில் ஓடுகிறது, டெர்மினலில் ஓடவில்லை என்றால் இரண்டும் வேறு வேறு ஜாவாவைப் பாவிக்கின்றன. டெர்மினல் ‘ஜாவா ஹோம்’ என்ற சூழல் மாறியைப் பார்க்கும். ஸ்டூடியோ தன் செட்டிங்கைப் பார்க்கும். அண்ட்ரொய்ட், ஐஓஎஸ் இரண்டுக்கும் ஒரே கோடில் ஆப் எழுத உதவும் ஃப்ளட்டரில் எந்த ஜாவா ஓடுகிறது என்பதை ‘ஃப்ளட்டர் டொக்டர்’ கட்டளையை விரிவான பதிலோடு ஓட்டிப் பார்க்கலாம்.

ஏஜிபி 8க்கு மாறியதும் ‘நேம்ஸ்பேஸ் நொட் ஸ்பெசிஃபைட்’ வந்தால், பெரும்பாலும் குற்றம் உங்கள் கோடில் இருக்காது. பராமரிப்பின்றிக் கிடக்கும் ஏதோ ஒரு ஃப்ளட்டர் அல்லது ரியாக்ட் நேட்டிவ் பிளக்கின் இன்னும் பெக்கேஜ் பெயரை மேனிஃபெஸ்டில் வைத்திருக்கிறது. அந்த பிளக்கினின் புதிய வெர்ஷனுக்குப் போங்கள். கேஷுக்குள் இறங்கி அதன் பைலைக் கையால் திருத்தாதீர்கள். உங்கள் கணினியில் மட்டும் ஓடும், குழுவில் மற்ற எல்லோருக்கும் உடையும்.

இறங்காத லைப்ரரிகள்

‘குட் நொட் ரிசோல்வ்’ என்றோ ‘குட் நொட் கெட்’ என்றோ வந்தால் அதில் காட்டும் முகவரியை பிரவுசரில் திறந்து பாருங்கள். 404 வந்தால் அந்த லைப்ரரி அந்த இடத்தில் இல்லை. வெர்ஷன் எண் அல்லது ரெப்போசிட்டரி (லைப்ரரிகளை வைத்திருக்கும் இணையக் களஞ்சியம்) தவறு. பைல் இறங்கினால் முகவரி சரி. தடை கிரேடிலின் பக்கம்.

ஜேசென்டர் என்ற ரெப்போசிட்டரியை நம்பிய பழைய புரொஜெக்டுகள் இப்படித்தான் சாகின்றன. அதை மூடப்போவதாக 2021 பெப்ரவரியில் அறிவித்தார்கள். அதை நீக்கி, கூகுள், மேவன் சென்ட்ரல் இரண்டையும் போடுங்கள். புதிய புரொஜெக்டில் ரெப்போசிட்டரிகளை செட்டிங்ஸ் கிரேடில் பைலில் மட்டும் எழுத வேண்டும். பழைய பழக்கத்தில் பில்ட் பைலில் எழுதினால், செட்டிங்ஸுக்கே முன்னுரிமை என்று சொல்லி சிங்க் நின்றுவிடும்.

கொழும்பில் அடிக்கடி காணும் இன்னொரு காரணம் ப்ரொக்ஸி, அதாவது அலுவலகக் கணினிகளுக்கும் இணையத்துக்கும் இடையில் நிற்கும் சேர்வர். மருதானை டிரேஸ் வளாகத்திலோ கோட்டை உலக வர்த்தக மையத்திலோ உள்ள அலுவலகத்தில் லாப்டொப்பை இணைக்கும்போது, ஸ்டூடியோ ப்ரொக்ஸி விபரத்தைக் கேட்டு அதைக் கிரேடில் புரொப்பட்டீஸ் பைலில் எழுதிவைத்துவிடும். மாலையில் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து திறந்தால், அங்கில்லாத ப்ரொக்ஸியையே தேடி டைம்அவுட் ஆகும். புரொஜெக்ட் போல்டரில் உள்ள பைலோடு உங்கள் யூசர் போல்டருக்குள் இருக்கும் ‘.கிரேடில்’ (பெயர் புள்ளியில் தொடங்கும்) போல்டரின் பைலையும் திறந்து ‘ப்ரொக்ஸிஹோஸ்ட்’ வரிகளை நீக்குங்கள். இரண்டாவது பைலை மறப்பவர்கள்தான் அதிகம்.

மின்சாரம் போனதாலோ டேட்டா முடிந்ததாலோ கிரேடில் ஜிப் பாதியில் நின்றிருந்தால், அடுத்த முறை ஜிப்பைத் திறக்க முடியவில்லை என்று பிழை வரும். ரேப்பர் போல்டரின் டிஸ்ட்ஸுக்குள் அந்த ஒரு வெர்ஷனின் போல்டரை மட்டும் அழித்தால் போதும். இணைப்பு மெதுவென்றால் ரேப்பர் பைலில் ‘நெட்வேர்க் டைம்அவுட்’ மதிப்பை 10000இலிருந்து 60000 ஆக்குங்கள். இந்த எண் மில்லிசெக்கனில். முகவரியின் முடிவில் ‘ஆல்’ என்றிருந்தால் ‘பின்’ என்று மாற்றுங்கள், இறங்கும் அளவு குறையும். எல்லாம் இறங்கிய பின் ‘--ஒஃப்லைன்’ சேர்த்து ஓட்டலாம், டேட்டாவே வேண்டாம்.

ஒரு லைப்ரரி மட்டும் கெட்டுப்போயிருந்தால் கேஷஸுக்குள் மொடியூல்ஸ்-2 என்ற போல்டரில் அதன் பெயரைத் தேடி அதை மட்டும் அழியுங்கள்.

தமிழில் யூசர் பெயர்

விண்டோஸை நிறுவும்போது பெயரைத் தமிழிலோ சிங்களத்திலோ கொடுத்திருந்தால் யூசர் போல்டரும் அதே எழுத்தில் இருக்கும். அண்ட்ரொய்ட் கருவித்தொகுப்பான எஸ்டிகே, கிரேடில் கேஷ், கணினிக்குள் ஓடும் போலிப் போனான எமுலேட்டர் மூன்றும் இயல்பாக அதற்குள்தான் போகும். பாதையில் ஆங்கிலமல்லாத எழுத்து இருக்கிறது என்று ஏஜிபி நின்றுவிடும். அந்தச் சோதனையை நிறுத்த ஒரு செட்டிங் உண்டு, ஆனால் அது எச்சரிக்கையை மறைக்குமே தவிர, உள்ளே ஓடும் கருவிகள் பிறகு வேறிடத்தில் தடுமாறும். கண்ட்ரோல் பேனலில் பெயரை மாற்றினாலும் போல்டரின் பெயர் மாறாது.

சி டிரைவுக்குக் கீழே நேரடியாக, இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயரில் ஒரு போல்டர் திறந்து எஸ்டிகேயை அங்கே நகர்த்துங்கள். ‘கிரேடில் யூசர் ஹோம்’, ‘அண்ட்ரொய்ட் ஏவிடி ஹோம்’ என்ற இரண்டு சூழல் மாறிகளையும் அதே இடத்துக்குத் திருப்புங்கள். புரொஜெக்டுகளையும் அங்கேயே வையுங்கள். டெஸ்க்டொப்பில் வைத்தால் வன்டிரைவ் அவற்றை மேலேற்றும்போது பைல்களைப் பூட்டிவிடும், ‘டிரெக்டரியை அழிக்க முடியவில்லை’ என்ற பிழை வரும்.

மூன்று மொழி ஸ்ட்ரிங்ஸ்

இலங்கையில் பொதுமக்களுக்கான ஆப் என்றால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். திரையில் வரும் சொற்களை, அதாவது ஸ்ட்ரிங்ஸை, மொழிக்கு ஒரு கோப்புறையில் வைப்போம். தமிழ்க் கோப்புறைக்குக் குறி ‘டிஏ’, சிங்களத்துக்கு ‘எஸ்ஐ’.

மிகவும் கவனிக்க வேண்டியது இது. ஆங்கில வரியில் தொகை முதலிலும் திகதி பிறகும் வரும். தமிழில் ‘%எஸ் ஆம் திகதிக்குள் %எஸ் ரூபாய் கட்டவும்’ என்று எழுதுவோம், வரிசை தலைகீழ். (‘%எஸ்’ என்பது மதிப்பு வந்து நிரம்பும் இடம். கோடில் ‘எஸ்’ ஆங்கிலச் சிற்றெழுத்தாக இருக்கும்.) இரண்டு இடங்களுக்கும் எண் இல்லாததால் பில்ட் நின்று, ‘ஃபோர்மட்டட் ஃபோல்ஸ்’ போட நினைத்தீர்களா என்று செய்தி கேட்கும். பலர் அப்படியே போட்டுவிடுகிறார்கள். பில்ட் ஓடும், போனில் ‘1,250 ஆம் திகதிக்குள் 15 ரூபாய் கட்டவும்’ என்று வரும். கட்டணம் கட்டும் ஒருவர் அதை நம்பினால் என்னவாகும் என்று யோசியுங்கள். சரியான திருத்தம்: மூன்று மொழியிலும் தொகைக்கு %1$எஸ், திகதிக்கு %2$எஸ் என்று எண் கொடுப்பது. தமிழில் %2$ முன்னால் வரலாம், தவறில்லை.

‘10% கழிவு’ போன்ற வரியில் வேறு மதிப்பும் நிரப்பப்படுமானால் விழுக்காட்டுக் குறியை இரண்டு தரம் போடுங்கள். ஆங்கிலக் கோப்பில் ஒற்றை மேற்கோள் குறிக்கு முன்னால் பின்சாய்கோடு வேண்டும். தமிழில் மட்டும் ஒரு ஸ்ட்ரிங்கைச் சேர்த்து, இயல்பான வேல்யூஸ் கோப்புறையில் சேர்க்காமல் விட்டால் சிங்களப் போனில் ஆப் விழுந்துவிடும். படங்களின் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் கூடாது.

மேனிஃபெஸ்ட், ரேம்

டார்கெட் எஸ்டிகே (ஆப் இலக்காக வைக்கும் அண்ட்ரொய்ட் ஏபிஐ எண்) 31 அல்லது அதற்கு மேல் என்றால், இன்டென்ட் ஃபில்டர் (எந்தக் கோரிக்கைகளை ஏற்கும் என்ற அறிவிப்பு) உள்ள ஒவ்வொரு கூறிலும் ‘எக்ஸ்போர்ட்டட்’ மதிப்பை எழுதியாக வேண்டும். உங்கள் பைலில் எல்லாம் சரியாக இருந்தும் பிழை வந்தால், மேனிஃபெஸ்டைத் திறந்து கீழேயுள்ள ‘மேர்ஜ்ட் மேனிஃபெஸ்ட்’ தாவலைப் பாருங்கள். எந்த லைப்ரரியிலிருந்து வந்தது என்று காட்டும்.

‘டீமன் டிஸப்பியர்ட்’ என்று வந்தால், பின்னணியில் ஓடும் கிரேடில் (டீமன்) நின்றுவிட்டது, பெரும்பாலும் மெமரி தீர்ந்திருக்கிறது. 8 ஜிபி லாப்டொப்பில் கிரேடிலை ஓட்டும் ஜேவிஎம்மின் மெமரி அளவை 2048 எம்பியிலேயே வையுங்கள். கூட்டினால் நிலைமை மோசமாகும். எமுலேட்டரை மூடிவிட்டு யூஎஸ்பியில் போனை இணையுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ரேம் விலை விசாரிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

ஐஓஎஸ் பக்கம் சுருக்கமாக: லைப்ரரிகளை (பொட்) இறக்கித்தரும் கோகோபொட்ஸ் பாவித்தால் வேர்க்ஸ்பேஸ் பைலைத் திறக்க வேண்டும், புரொஜெக்ட் பைலை அல்ல. பொட் கிடைக்கவில்லை என்றால் ரெப்போ அப்டேட்டோடு நிறுவுங்கள். ‘ஃபேஸ் ஸ்கிரிப்ட் எக்ஸிகியூஷன்’ தோற்றால் காரணம் அந்த வரிக்கு மேலேயே இருக்கும்.

ஃபயர்பேஸும் ரிலீஸும்

‘நோ மெச்சிங் கிளையன்ட்’ என்றால், கூகுளின் ஃபயர்பேஸ் சேவையோடு ஆப்பை இணைக்கும் கூகுள் சேர்விசஸ் பைலில் உள்ள பெக்கேஜ் பெயரும் உங்கள் அப்ளிகேஷன் ஐடியும் வேறு. டீபக் பில்டுக்குப் பின்னொட்டு சேர்த்திருந்தால் அதையும் ஃபயர்பேஸில் தனி ஆப்பாகப் பதிய வேண்டும்.

கூகுள் சைன்-இன் பிழைக் குறியீடு 10 கொடுத்தால் எஸ்எச்ஏ-1 (ஆப்பைக் கையொப்பமிடும் சாவியின் அடையாளம்) பொருந்தவில்லை. குழுவிலுள்ள ஒவ்வொரு கணினியின் டீபக் சாவி, அப்லோட் சாவி, பிளே ஸ்டோர் தானே கையொப்பமிடும் சாவி மூன்றுக்கும் தனித்தனி எஸ்எச்ஏ-1 உண்டு. முதலிரண்டையும் ‘சைனிங் ரிப்போர்ட்’ டாஸ்க் காட்டும். மூன்றாவதைப் பிளே கொன்சோலில் எடுக்க வேண்டும். கையில் இருக்கும் ஏபிகேயில் (போனில் நிறுவும் பைல்) ஓடி, ஸ்டோரில் இறக்கியதும் சைன்-இன் தோற்றால் விடுபட்டது மூன்றாவதுதான்.

டீபக்கில் நன்றாக ஓடி ரிலீஸில் மட்டும் தரவு வெறுமையாக வந்தால் ஆர்8 உங்கள் டேட்டா கிளாஸின் புலப் பெயர்களை மாற்றியிருக்கும். ஜேசொன் புலங்களுக்கு ‘சீரியலைஸ்ட் நேம்’ போடுங்கள் அல்லது அவற்றை மாற்றாதே என்று ஆர்8க்குச் சொல்லும் கீப் விதி எழுதுங்கள். ரிலீஸ் பில்டே நின்றால், அவுட்புட்ஸுக்குள் மெப்பிங் போல்டரில் ‘மிஸ்ஸிங் ரூல்ஸ்’ என்ற பைல் உருவாகியிருக்கும். வரிகளை வாசித்துப் பொருத்தமானவற்றை மட்டும் சேருங்கள்.

2025 ஓகஸ்ட் 31 முதல் புதிய ஆப்களும் அப்டேட்களும் ஏபிஐ 35ஐ இலக்காக வைக்க வேண்டும் என்பது பிளே ஸ்டோரின் விதி. நேட்டிவ் (சி, சி++இல் எழுதிய) லைப்ரரிகள் உள்ள ஆப்கள் போன் மெமரியின் 16 கேபி பக்க அளவுக்கும் பொருந்த வேண்டும். அதற்கு ஏஜிபி 8.5.1 அல்லது அதற்கு மேலும், சி++ கருவித்தொகுப்பான என்டிகேயின் ஆர்28உம் இருந்தால் உங்கள் சொந்த சி++ கோடுக்குத் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை. வெளியிலிருந்து எடுத்த லைப்ரரிகளை அவற்றின் புதிய வெர்ஷனுக்கு மாற்ற வேண்டும்.

கையொப்பச் சாவிகள் இருக்கும் கீஸ்டோர் பைலையும் கடவுச்சொல்லையும் கிட்டில் போடாதீர்கள். இரண்டையும் லாப்டொப்புக்கு வெளியே இன்னொரு இடத்தில் வையுங்கள். பிளே ஆப் சைனிங்கில் சேர்ந்த ஆப் என்றால், அப்லோட் சாவி தொலைந்தாலும் கணக்கின் உரிமையாளர் கொன்சோல் வழியாகப் புதியதைக் கேட்கலாம். அதில் சேராத பழைய ஆப்புக்கு அந்த வழி இல்லை. அதே பெக்கேஜ் பெயரில் இனி அப்டேட் கொடுக்கவே முடியாது.