கிணறு இறைக்க இறங்குவதா, வேண்டாமா: முடிவெடுக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் கோடையில் நீர்மட்டம் தாழ்ந்ததும் கிணற்றைக் கலக்கி இறைப்பது வழமையாகும். போன வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்ற நினைவே பலரைத் துணிந்து இறங்கச் செய்கிறது. ஆனால் கிணற்றின் ஆழம், காற்றோட்டமின்மை, அழுகிய சேறு, உள்ளே இயங்கும் எண்ணெய் இயந்திரம் ஆகியவை ஒன்றுசேரும்போது, தனித்தனியே சிறிதாகத் தோன்றிய ஆபத்துகள் எவரும் கணிக்க முடியாத அளவுக்குப் பெருகிவிடுகின்றன.

ஆகவே நீரிறைக்கும் இயந்திரத்தை மேலே, கிணற்று வாயிலிருந்து விலக்கியே வையுங்கள். விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அது ஒட்சிசன் மிகக் குறைந்திருப்பதைக் காட்டலாம், எனினும் இயந்திரப் புகையிலுள்ள மணமற்ற நச்சுவாயுவான காபனோரொட்சைட்டைக் காட்டாது. அணையாத சுடர் தரும் பொய்யான நிச்சயம், என் பார்வையில், ஐயத்தைவிடக் கேடானது. வாயுமானியால் அளந்து, ஒட்சிசன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ நச்சுவாயு தென்பட்டாலோ, அல்லது அளக்கவே வழியில்லாவிட்டாலோ, இறங்கக் கூடாது.

‘எது நடந்தால் நிறுத்துவோம்’ என்பதை வேலை தொடங்குமுன்பே பேசி முடிவு செய்யுங்கள். இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் பட்டி அணிந்து, அதில் கட்டிய கயிற்றை மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும். அவர் மயங்கினால் மேலிருந்தே தூக்குங்கள்; பதறிப் பின்னால் குதிப்பவரே பெரும்பாலும் இரண்டாவது சாவாகிறார்.