இன்டர் யுனிவர்சிட்டி சைக்கிள் ரேஸுக்குப் போகும் நம்மூர்ப் பெண்கள் செய்யும் தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ரேஸ் ஓட்டும் பெண்கள் பலருக்குத் தொடக்கம் ஒன்றுதான். அண்ணா பிறந்தநாளை ஒட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் மிதிவண்டிப் போட்டி. கியர் இல்லாத சாதாரண சைக்கிள், பெண்களுக்கு 10 அல்லது 15 கிலோமீட்டர். கல்லூரிக்கு வந்ததும் சேலம் பெரியார் பல்கலைக்கழக அணித் தேர்வு, அதில் தேறினால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்களை ஏ, பி என்று தரம் பிரித்து, கீழே ஜெயித்துக் காட்டியவரைத்தான் மேலே அனுப்புகிறார்கள். நமக்கு அந்த நடுப்படி கிடையாது. இங்கே நாலைந்து பேரோடு ஓட்டிப் பழகியவர், அடுத்த மாதமே சைக்கிளுக்குப் பேர்போன விஜயபுரா, பிகானேர், பாட்டியாலா பெண்களோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

அந்தப் பயத்தில் எல்லாரும் செய்யும் முதல் தவறு, இன்னும் அதிக தூரம், இன்னும் வேகமாக, ஆனால் இன்னும் தனியாகவே ஓட்டுவது. கால் பலம் நம் பெண்களிடம் போதுமான அளவு இருக்கிறது. கூட்டத்துக்குள் ஓட்டத்தான் தெரியாது. எல்லாரும் ஒன்றாகக் கிளம்பும் மாஸ் ஸ்டார்ட்டில் ஒருவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பு கால்வாசிக்கு மேல் மிச்சம். தனியாக 60 கிலோமீட்டர் ஓட்டக்கூடியவர் கூட்டத்தின் ஓரத்தில், காற்றை நேராக வாங்கிக்கொண்டு ஓட்டினால், கடைசி 5 கிலோமீட்டரில் காலி. அவரை விடப் பலம் குறைந்த பெண் உள்ளே பதுங்கி வந்து, கடைசி 200 மீட்டரில் எழுந்து ஜெயித்துவிட்டுப் போவார்.

இப்படிப் பின்சக்கரத்தை ஒட்டிப் போவதை, அதாவது வீல் பிடிப்பதை, எழுத்தில் சொல்வது லேசு, பழகுவதுதான் கஷ்டம். முன்னால் போகிறவரின் டயரையே முறைத்துப் பார்க்காதீர்கள்; அவர் இடுப்பையும் தோளையும் பாருங்கள், அதற்கும் முன்னால் போகிறவரையும் ஓரக்கண்ணால் பாருங்கள். கை ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பிடியில், முழங்கை லேசாக மடங்கியபடி இருக்கட்டும். பக்கத்தில் வருகிறவர் இடித்தால் மடங்கிய கை தாங்கும். விறைத்த கை ஹேண்டில்பாரைத் திருப்பிவிடும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பது. அவர் ஒரு குழிக்காக அரையடி விலகினாலும் இரண்டு டயரும் உரசும். அவர் போய்க்கொண்டே இருப்பார், விழுவது நீங்கள். இதைப் பழக மூன்று பேர் போதும். கிருஷ்ணகிரி அணைப் பக்கமோ பாலக்கோடு பக்கமோ வண்டி குறைந்த ரோடாகப் பார்த்து, விடியற்காலையில் ஆளுக்கு ஒரு நிமிடம் முன்னால் போய், விலகி, பின்னால் வந்து சேருங்கள். முதல் வாரம் ஒரு சைக்கிள் நீள இடைவெளி, பிறகு பாதி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை ரோடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு ஆட்கள் கூட்டமாக ஓட்ட வருவதுண்டு. கேட்டுச் சேர்ந்துகொள்வதில் கூச்சம் வேண்டாம்.

கூட்டம் கிடைக்கவில்லை என்று டாடா ஏஸ் பின்னாலும் பஸ் பின்னாலும் ஒட்டிக்கொண்டு போகிறார்களே, அது பயிற்சியே அல்ல. அவன் பிரேக் போட்டால் உங்களுக்குக் கண் சிமிட்டக்கூட நேரமில்லை. அண்ணனை எக்ஸெல்லில் முன்னால் போகச் சொல்லி ஓட்டுவதும், ரோட்டில் செய்தால், இதே கதைதான். போதாக்குறைக்கு, அதில் பார்க்கும் வேகத்தை நம்பிக்கொண்டு ஆளுக்கு ஆள் தனியாகக் கிளம்பி நேரத்தோடு போட்டி போடும் டைம் ட்ரையலில் ஏமாந்து போவீர்கள். அண்ணன் துணைக்கு வரட்டும், பின்னால் வரட்டும். தொப்பூர் கணவாய்ப் பக்கம் ஏற்றப் பயிற்சிக்குப் போகவே போகாதீர்கள். பிரேக் பிடிக்காத லாரிகளுக்குப் பேர்போன இறக்கம் அது.

ஏற்றம் வேண்டும் என்றால் தருமபுரிப் பக்கம் வத்தல்மலை இருக்கிறது. ஆனால் மலை ஏறுகிறவர்களுக்கு என்றே ஒரு தவறு உண்டு. ஏறத் தெரியும் என்கிற தைரியத்தில் எந்த ரேஸையும் ஏற்றத்தை வைத்தே கணக்குப் போடுவார்கள். பிகானேர் மாதிரி ஊரில் போட்டி வைத்தால் ஏற்றத்துக்கு எங்கே போவது? அங்கே காற்றுதான் மலை. பக்கக் காற்று அடிக்கும்போது கூட்டம் நேர்கோட்டில் போகாது, ரோட்டின் குறுக்கே சாய்வாக விரியும். அதில் இடம் கிடைக்காதவர்கள் ரோட்டின் ஓரத்தில் வரிசையாகத் தொங்கி, ஒவ்வொருவராகக் கழன்று போவார்கள். இதைப் பழக நமக்கு ஆடி மாதம் இருக்கிறது. அம்மியே பறக்கிற காற்றில் பயிற்சியை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது நல்ல வாய்ப்பை விடுவது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரித் திசையில் போகும்போது மேற்கிலிருந்து வரும் மேல்காற்று இடத்தோளில் அடிக்கும். அப்போது நேர் பின்னால் போவதில் பாதிப் பயன்தான். ஒளிய இடம் முன்னால் போகிறவரின் வலப்பக்கம், கொஞ்சம் பின்னால். திரும்பி வரும்போது எல்லாம் இடவலம் மாறும்.

ஏற்றம் உள்ள ரேஸ் அமைந்தால், அடிவாரத்துக்குக் கூட்டத்தின் முன்பகுதியில் வந்து சேருங்கள். ஏறும்போது பத்து இடம் பின்னால் நழுவினாலும் கூட்டத்துக்குள்ளேயே இருப்பீர்கள். கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். பாதி ஏற்றத்தில், பெடலை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்று கையில் வரும்.

அடுத்தது, யார் முன்னால் போனார்கள் என்பதை மறந்துவிடுவது. இது உலகத்தின் மிகச் சிறந்தவர்களுக்கே நடந்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ரோடு ரேஸ் 137 கிலோமீட்டர். ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், எந்தத் தொழில்முறை அணியிலும் அப்போது இல்லாதவர், கொடி அசைந்ததுமே வேறு சிலரோடு பிய்த்துக்கொண்டு போனார். ஒலிம்பிக்கில் அணியிடமிருந்து தகவல் கேட்கக் காதில் ரேடியோ கிடையாது. அவரோடு முன்னால் போனவர்களைப் பிடித்ததோடு முன்னால் யாரும் இல்லை என்று பின்னால் இருந்த பெரிய அணிகள் நினைத்துக்கொண்டன. நெதர்லாந்தின் ஆன்னமீக் வான் ஃப்ளூட்டன் கோட்டைத் தாண்டிக் கையை உயர்த்தியபோது, தங்கம் 1 நிமிடம் 15 விநாடிக்கு முன்பே போய்விட்டிருந்தது. நம் போட்டிகளிலும் காதில் சொல்ல யாரும் இல்லை. யாராவது கூட்டத்தை விட்டு முன்னால் தாவினால் முதுகு எண்ணைப் பாருங்கள், எத்தனை பேர் என்று வாய்விட்டு எண்ணுங்கள், பக்கத்துப் பெண்ணிடமும் கேளுங்கள். மொழி புரியாவிட்டாலும் விரல் காட்டினால் போதும்.

டைம் ட்ரையலைப் பற்றி ஒரே விஷயம்: முதல் 2 கிலோமீட்டரில் பறக்காதீர்கள். முந்திப் போகிறவரின் பின்னால் ஒட்டினால் தண்டனை உண்டு என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். உடம்பைக் குறைத்தால் வேகம் கூடும் என்று ராத்திரிச் சாப்பாட்டை விடும் பெண்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும், அப்புறம் எலும்பில் கை வைக்கும். பீரியட்ஸ் வராமல் போனால் 'ரேஸுக்கு வசதி' என்று சந்தோஷப்படாமல் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகையும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. மூச்சு வாங்குவதைப் பயிற்சிக் குறைவு என்று நினைத்து இன்னும் அதிகமாக ஓட்டுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். கீரையோடு எலுமிச்சை, நெல்லி சேரட்டும்; சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச் சத்து சரியாகச் சேராது. நம்மூர்க் கேழ்வரகுக் களி பயிற்சி நாளுக்கு அருமை, ரேஸ் காலையில் மட்டும் வேண்டாம், வயிற்றிலேயே கிடக்கும். அன்றைக்கு மூன்று மணி நேரம் முன்பே இட்லி, பிறகு ஓட்டும்போது அரை மணிக்கு ஒரு தடவை வாழைப்பழமோ கடலைமிட்டாயோ. பசித்த பிறகு சாப்பிடுவது காலம் கடந்த வேலை.

சைக்கிள் விஷயத்தில் காசைத் தப்பான இடத்தில் போடுகிறார்கள். அண்ணனுக்கு வாங்கிய பெரிய ஃபிரேமில் எட்டி எட்டி ஓட்டிக்கொண்டு, விலையுயர்ந்த வீலுக்கு ஆசைப்படுவதில் பயனில்லை. முதலில் சீட் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஆடினால் சீட் அதிக உயரம். பேட் வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே வேறு உள்ளாடை போடக்கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்லித் தராததால் வருடக்கணக்கில் வலியோடு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 50 கிலோ எடையுள்ள பெண் 25 மில்லிமீட்டர் டயரில் 120 பி.எஸ்.ஐ. வரை காற்று ஏற்றுவதும் வேண்டாத வேலை. 75, 80 போதும், சைக்கிள் துள்ளாமல் ஓடும். புது டயர், புது ஷூ எதையும் ரேஸ் அன்றைக்கு முதல்முறை போடாதீர்கள்.

கடைசியாக, சளி பிடித்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை. சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபிட்ரின், போட்டி நாளில் சிறுநீரில் வரம்பைத் தாண்டினால் ஊக்கமருந்துக் கணக்கில் வரும். அட்டையின் பின்னால் மருந்தின் பெயரைப் படித்து, டாக்டரிடம் போட்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.